காளைக்குள் இருக்கும் பால்



கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கிராமத்து மாட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் தம் பசுவைச் சினை ஊசிக்குப் பிடித்து வந்திருந்தார். ஊசி போடுகிறவர், "நல்ல காளையோட விந்துங்க இது. பால் வளமான வம்சம்" என்று சொன்னதும் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க, காளை என்ன பாலா கறக்குது? பால் கொடுக்கறது என்ற மாடு. தீனி போடறது நான். நடுவுல காளைக்கு என்ன சோலி? ஏதோ ஒண்ணு, சினை நின்னாச் சரி" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, பெரியவர் கேட்டது லேசுப்பட்ட கேள்வியாகத் தெரியவில்லை. காளைக்கு மடி கிடையாது. ஒரு சொட்டுப் பால் அதனிடம் இல்லை. அப்படியிருக்க, மகளுக்குப் போகும் பால் வளம் அதன் உடம்பில் எங்கே இருந்தது? இருந்தது என்றால் ஏன் வெளியே தெரியவில்லை? இதற்குச் சரியான விடை காண விஞ்ஞானிகளுக்கு ஏறத்தாழ நூறு வருஷம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நடுநடுவே தவளை வரும், எலி வரும், செம்மறி ஆடு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நம் மாட்டுக் கொட்டகைக்கே வந்து சேருவோம்.

உங்கள் வீட்டுப் பசு தொடங்கியது ஒரே ஒரு செல்லில். தாயின் கருமுட்டையும் காளையின் விந்தணுவும் சேர்ந்து உண்டான செல் அது. அது இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகித்தான் கொம்பு, குளம்பு, தோல், ஈரல், மடி எல்லாம் வந்தன. அந்த முதல் செல்லுக்குள் 30 ஜோடி குரோமோசோம்கள் இருந்தன. ஜோடியில் ஒன்று தாய் கொடுத்தது, மற்றது காளை கொடுத்தது. அவற்றில் வரிசையாக மரபணுக்கள், ஜீன்கள் என்கிறோமே, அவை இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டில் ஒரு ஹெரிஃபோர்டு இனப் பசுவின் பரம்பரைக் குறிப்பு முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். சுமார் 22,000 மரபணுக்கள் என்று கணக்கு வந்தது. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஏதோ ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. பால் திரிந்தால் கட்டி கட்டியாகத் திரள்கிறதே, அதில் பெரும்பங்கு கேசீன் என்ற புரதம். கேசீன் செய்வதற்கான நான்கு மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில், பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கின்றன.

சரி, மடி கேசீனைச் செய்கிறது. கொம்பும் ஈரலும் ஏன் செய்யவில்லை?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வைஸ்மன் என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு விடை சொன்னார். நம் பாஷையில் சொன்னால் அது பாகப்பிரிவினை. அப்பன் சொத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்வது போல, செல்கள் பெருகும்போது பரம்பரைச் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கொம்புக்குப் போகிற செல் கொம்புப் பங்கோடு போகிறது, மடிக்குப் போகிற செல் மடிப் பங்கோடு போகிறது. கருமுட்டையும் விந்தும் உண்டாகிற செல்களில் மட்டுமே முழுச் சொத்தும் இருக்கிறது. இதுதான் அவர் கொள்கை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சாட்சியும் ஒன்று கிடைத்தது. குதிரைக் குடலில் இருக்கும் உருண்டைப் புழுவைத் தியோடர் போவரி என்பவர் ஆராய்ந்தபோது, அதன் உடம்புச் செல்கள் குரோமோசோமில் ஒரு பகுதியை உண்மையாகவே கழித்துப் போடுவதைக் கண்டார். ஆனால் புழு செய்வதையெல்லாம் மாடும் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

அதே ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பேமன் என்பவர் ஒரு காரியம் செய்தார். பல்லி மாதிரி உருவத்தில் தண்ணீரில் வாழும் நியூட் என்ற பிராணியின் முட்டையை, தம் கைக்குழந்தையின் தலைமுடியால் நடுவில் சுருக்குப் போட்டு இறுக்கினார். முட்டை மயிரிழைக்குத் தகுந்த சின்னது. முரட்டு நூல் ஆகாது, பாருங்கள். ஒரு பாதியில் உட்கரு இருந்து பெருகியது. மற்றப் பாதி வெறுமையாக இருந்தது. செல்கள் பதினாறு ஆன நிலையில் ஒரே ஒரு உட்கரு சுருக்கின் வழியே வெறும் பாதிக்குள் நழுவிற்று. பாகப்பிரிவினை உண்மையென்றால், அந்தப் பாதியில் ஒரு துண்டு உடம்புதான் வளர்ந்திருக்க வேண்டும். முழுப் பிராணியே வளர்ந்தது. ஆக, பதினாறு பேர் ஆகும் வரையில் சொத்து பிரியவில்லை. அதற்குப் பிறகு?

1952-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ராபர்ட் பிரிக்ஸ், தாமஸ் கிங் இருவரும் தவளை முட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு, இளங்கருவிலிருந்து ஒரு உட்கருவை அதில் வைத்தார்கள். தலைப்பிரட்டை வந்தது. ஆனால் இன்னும் வளர்ந்த கருவிலிருந்து எடுத்து வைத்தால் பெரும்பாலும் கெட்டுப் போயிற்று. "பார்த்தீர்களா, வளர வளரச் சொத்து கைமாறிப் போகிறது" என்று பலர் நினைத்தார்கள்.

அப்போதுதான் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு ஜான் கர்டன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடத்தில் 250 பையன்களில் கடைசி என்று பெயர் வாங்கியவர். இவன் விஞ்ஞானியாக நினைப்பது கேலிக்கூத்து என்ற பொருள்பட ஆசிரியர் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பிற்காலத்தில் அவர் பத்திரமாக வைத்திருந்தார். (நம் பிள்ளைகள் மார்க் அட்டையைக் கொண்டுவரும்போது இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.) அவர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு தவளை இனத்தை எடுத்துக்கொண்டார். தலைப்பிரட்டையின் குடலில், தீனியைச் செரிக்க வைக்கும் வேலையில் இறங்கிவிட்ட செல்லின் உட்கருவை எடுத்து, உட்கருவை அழித்த முட்டையில் வைத்தார். நூற்றுக்கணக்கில் வைத்தார். பெரும்பாலானவை வீணாயின. மிகச் சிலவே நீந்தித் தின்னும் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. 1962-இல் இதை வெளியிட்டார். 1966-இல், குடல் செல்லிலிருந்து வந்த தவளைகள் வளர்ந்து பெரிதாகிக் குஞ்சு பொரிக்கும் தகுதியும் பெற்றதைக் காட்டினார்.

"முட்டையிலிருந்த பழைய உட்கருவே தப்பிப் பிழைத்து வளர்ந்திருக்கும்" என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அதற்கும் அவர் முன்கூட்டியே வழி செய்திருந்தார். சந்தைக்கு ஓட்டும் மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கிறோமே, அதுபோல, உட்கருவுக்குள் இரண்டு புள்ளிக்குப் பதில் ஒரே புள்ளி உள்ள தவளை வம்சத்திலிருந்து குடல் செல்லை எடுத்திருந்தார். வளர்ந்த தவளையின் செல்களிலும் ஒரே புள்ளி. வாதம் முடிந்தது.

நூற்றில் ஒன்றிரண்டுதான் தேறியது என்று குறை சொல்ல வேண்டாம். ஒன்று தேறினாலே போதும், குடல் செல்லுக்குள் கண்ணும் காலும் மூளையும் செய்யும் குறிப்பெல்லாம் அழியாமல் இருக்கின்றன என்று ஆகிவிடுகிறது. ஆகவே சொத்து பிரிவதில்லை. ஒவ்வொரு செல்லிலும் முழுப் பத்திரமும் இருக்கிறது. கொம்பிலும் பால் மரபணு இருக்கிறது. காளையின் காதிலும் இருக்கிறது. (விதிவிலக்குகள் கொஞ்சம் உண்டு. நம் ரத்தத்தின் சிவப்பணு முதிரும்போது உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது.)

ஆனால் இத்தோடு கேள்வி தீரவில்லை, இன்னும் சிக்கலாயிற்று. எல்லாம் எல்லா இடத்திலும் இருந்தால், மடியில் மட்டும் அதைத் திறந்துவிடுவது யார்?

இதன் முதல் நுனி பாரிஸ் நகரத்தில், பாஸ்டர் நிறுவனத்தில் கிடைத்தது. ஃபிரான்சுவா ஜேக்கப் அறுவை வைத்தியராக ஆசைப்பட்டவர். 1944-இல் போரில் பட்ட காயத்தால் அந்த ஆசை போயிற்று. அவரும் ஜாக் மோனோவும் குடலில் வாழும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவை ஆராய்ந்தார்கள். அதற்கு குளுக்கோஸ் கிடைக்கிறவரை பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தொடாது. குளுக்கோஸ் இல்லாமல் லாக்டோஸ் மட்டும் கிடைத்தால், சில நிமிஷங்களில் அதைச் செரிக்கும் நொதியைச் செய்ய ஆரம்பிக்கும். லாக்டோஸ் தீர்ந்தால் நிறுத்திவிடும். எப்படி என்று 1961-இல் விளக்கினார்கள். அந்த மரபணுவின் வாசலில் ஒரு காவல் பொருள் உட்கார்ந்திருக்கிறது. லாக்டோஸ் வந்தால் காவல் விலகுகிறது, மரபணு வேலை செய்கிறது. மரபணுவுக்கு அருகே அதைத் திறக்கவும் மூடவும் ஒரு மடை இருக்கிறது என்று உலகம் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்துகொண்டது அப்போதுதான். 1965-இல் ஆந்த்ரே லுவோஃபோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாக்டீரியா ஒற்றைச் செல் பிராணி. மாட்டு மடிக்கு இது பொருந்துமா? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் யேல் டாப்பர் குழுவினர் 1960-களில் சினை எலியின் மடித் துண்டை வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து வளர்த்தார்கள். அதற்கு இன்சுலின், கார்டிசால் வகைச் சுரப்பு, புரோலாக்டின் என்ற மூன்றும் சேர்த்துக் கொடுத்தால்தான் கேசீன் உண்டாயிற்று. ஒன்று குறைந்தாலும் உருப்படியாக வரவில்லை. புரோலாக்டின் என்பது மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ரத்தத்தில் வருகிறது. இதனால் ஒரு விஷயம் தெளிவாயிற்று, திறக்கச் சொல்லும் ஆணை வெளியிலிருந்து வருகிறது.

ஆனால் ரத்தம் உடம்பு பூராவும் ஓடுகிறதே! புரோலாக்டின் ஈரலுக்கும் போகிறது, ஈரலுக்கு அதை அடையாளம் காணும் வாசலும் உண்டு. ஈரல் ஏன் பால் சுரக்கவில்லை? இதற்குக் கோழியிடமிருந்து ஒரு விடை வந்தது. 1976-இல் ஹரால்ட் வைன்ட்ராப், மார்க் கிரவுடின் இருவரும் கோழியின் சிவப்பணுவில் (கோழிக்குச் சிவப்பணுவிலும் உட்கரு உண்டு) ரத்தப் புரதத்தின் மரபணு இருக்கும் இடம் மட்டும் தளர்ந்து, திறந்து கிடப்பதைக் கண்டார்கள். வேறு உறுப்புகளின் செல்களில் அதே மரபணு இறுக்கமாக மூடிக் கிடந்தது. டி.என்.ஏ. என்ற நூல் நூற்கண்டு சுற்றின மாதிரி புரத உருண்டைகளில் சுற்றியிருக்கிறது. எந்த உறுப்பு எந்த இடத்தைத் தளர்த்தி வைக்கிறது என்பது அந்த உறுப்பு உருவாகும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஈரலில் பால் மரபணு இருக்கும் இடம் சுருட்டி மூடப்பட்டிருக்கிறது. அங்கே ஆணை போனாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மடை எப்படி இருக்கும் என்பதும் அடுத்த சில வருஷங்களில் புலப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் வால்டர் ஷாஃப்னர் குழு 1981-இல், ஒரு வைரஸிலிருந்து எடுத்த சிறு டி.என்.ஏ. துண்டு, ஒரு மரபணுவிலிருந்து வெகு தூரத்தில் வைத்தாலும் அதன் வேலையைப் பல மடங்கு முடுக்கிவிடுவதைக் கண்டது. 1983-இல் உடம்பிலேயே அப்படிப்பட்ட துண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நோயெதிர்ப்புப் புரதம் செய்யும் செல்களில் மட்டும்தான் அது வேலை செய்தது. வேறு செல்லில் வைத்தால் சும்மா கிடந்தது.

இப்போது நம் கதையில் முக்கியமான கட்டம். எடின்பரோ நகரத்தில், ஸ்காட்லாந்தில், பிராணி ஆராய்ச்சி செய்த ஒரு கூட்டம். ஜான் கிளார்க் குழுவினர் செம்மறி ஆட்டுப் பாலில் உள்ள ஒரு புரதத்தின் மரபணுவை அதன் மடையோடு சேர்த்து வெட்டியெடுத்து எலிக்கருவில் புகுத்தினார்கள். அந்தப் புரதம் எலிப்பாலில் இயல்பாகக் கிடையாது. 1987-இல் முடிவு வெளிவந்தது. எலியின் எல்லாச் செல்களிலும் ஆட்டு மரபணு இருந்தது, ஆனால் புரதம் வந்தது மடியிலிருந்து, அதுவும் பால் கொடுக்கும் காலத்தில். சில எலிகளில் அந்தப் புரதம் ஆட்டுப்பாலில் இருப்பதைவிட அதிகமாகச் சேர்ந்தது. ஆட்டு மடைக்கு எலி மடியை அடையாளம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பிற்பாடு டாலி வாங்கிய பெயரில் இந்த எலிக்கு நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. ஆனால் பெரியவர் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் சொன்னது இந்த எலிதான் என்பது என் அபிப்பிராயம்.

அதே ஊரில் 1990-இல் டிரேசி என்று ஒரு செம்மறி பிறந்தது. ஆட்டுப் பால் மடையோடு மனிதனின் ஒரு மரபணுவை ஒட்டி அதற்குள் வைத்திருந்தார்கள். நுரையீரலைக் காக்கும் அந்த மனிதப் புரதம் டிரேசியின் பாலில் லிட்டருக்கு 35 கிராம் வந்தது. மருந்தாக அது கடைக்கு வந்து சேரவில்லை. ஆனால் இதே வழியில் வெள்ளாட்டுப் பாலில் எடுத்த ரத்தம் உறைதல் தடுப்பு மருந்து ஒன்றுக்கு 2006-இல் ஐரோப்பாவிலும் 2009-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. மடியையே மருந்துப் பட்டறை ஆக்கிவிட்டார்கள், பாருங்கள்.

டாலி பிறந்தது 1996 ஜூலை 5. எடின்பரோவுக்கு அருகில் ராஸ்லின் நிறுவனத்தில் இயன் வில்மட், கீத் கேம்பெல் குழு, ஆறு வயதுப் பெண் ஆட்டின் மடியிலிருந்து எடுத்த செல்லைத் தீனி குறைத்துப் பட்டினி போட்டு அமைதியாக்கி, உட்கரு நீக்கிய முட்டையோடு சேர்த்தது. 277 முறை முயன்றதில் 29 கரு தேறியது, பிறந்து வளர்ந்தது ஒரே குட்டி. கர்டன் தவளையில் காட்டியதை, முழுக்க வளர்ந்த பாலூட்டியிலும் காட்டிவிட்டார்கள். பால் சுரக்கத் தயாராகிக்கொண்டிருந்த செல்லுக்கு அந்த வேலை மறந்து, கம்பளியும் குளம்பும் சேர்ந்த முழு ஆடாக ஆனது. டாலி குட்டிகளும் ஈன்றது, 2003-இல் இறந்தது. நம் நாட்டிலும் ஹரியானாவில் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009-இல் எருமைக் கன்று இந்த வகையில் பிறந்தது.

திறக்கும் ஆளைப் பற்றிய சங்கதி 1994-இல் வந்தது. பெர்ண்ட் குரோனர் குழு, கறவை ஆட்டின் மடியிலிருந்து அந்தப் புரதத்தை இனம் கண்டது. புரோலாக்டின் மடிச் செல்லின் வாசலில் வந்து தட்டினால், இந்தப் புரதம் உள்ளே ஓடிக் கேசீன் மரபணுவின் மடையில் போய் உட்காருகிறது. ஸ்டாட்-5 என்று இப்போது அதற்குப் பெயர்.

இனி நம் கொட்டகைக்கு வருவோம். சினை முற்றும்போது மடி பெருத்துக்கொண்டே வருகிறது, ஆனால் பால் வருவதில்லை. ஏன்? சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் சுரப்பு ரத்தத்தில் இருக்கிறவரை பால் மடை முழுதும் திறக்காது. கன்று ஈனும் சமயம் அந்தச் சுரப்பு சட்டென்று குறைகிறது, புரோலாக்டின் ஏறுகிறது, மடை திறக்கிறது. அப்புறம் திறந்தே இருக்குமா என்றால் அதுவும் இல்லை. மடியில் பால் தேங்கினால் மடை தானே மூடத் தொடங்கும். எலிகளில் குட்டியைப் பிரித்த ஒரு நாளுக்குள் ஸ்டாட்-5 ஓய்ந்துவிடுகிறது. வேளை தவறிக் கறந்தாலோ, மடியில் மிச்சம் விட்டாலோ மாடு சீக்கிரம் வற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். என் தாயார் கடைசிச் சொட்டு வரை ஒட்டக் கறப்பார்கள். அது கஞ்சத்தனம் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கன்று இறந்த மாட்டுக்கும், காலை உதைக்கும் மாட்டுக்கும் சிலர் ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக் கறக்கிறார்கள். "ஊசி போட்டாப் பால் பெருகும்" என்று ஒரு நம்பிக்கை. ஆக்ஸிடோசின் பால் மரபணுவைத் திறப்பதில்லை. ஏற்கெனவே உண்டாகி மடிக்குள் இருக்கும் பாலைப் பிதுக்கி வெளியே தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. கன்று முட்டினாலும், மடியைக் கழுவித் தடவினாலும், கறவைப் பாத்திரத்தின் சத்தம் கேட்டாலும் மாட்டின் மூளையே அதை விடுகிறது. சில நிமிஷங்களுக்குத்தான் அதன் வேகம் இருக்கும், அதற்குள் கறந்துவிட வேண்டும். பால் கூடுதலாக வரவேண்டும் என்று ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட.

காளை விஷயத்துக்கு வருகிறேன். காளையின் உடம்பில் கேசீன் மரபணுக்கள் மூடிய மடையோடு இருக்கின்றன. அதன் மகளுக்கு ஜோடியில் ஒன்றை அது கொடுக்கிறது. மகள் கன்று போட்டதும் தாய் கொடுத்ததும் திறக்கும், காளை கொடுத்ததும் திறக்கும். பாதிக்குப் பாதி. பால் அளவைத் தீர்மானிப்பது கேசீன் மட்டுமல்ல. மடியின் அளவு, கொழுப்பு, தீனியைப் பாலாக மாற்றும் திறன் என்று எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்த கணக்கு அது. எல்லாவற்றிலும் காளையின் பாதி உண்டு. அதனால்தான் நல்ல காளையைத் தேர்ந்தெடுக்க அதன் பெண் கன்றுகள் கறக்கும் வரை காத்திருந்து, அவற்றின் பாலை அளந்து பார்த்தார்கள். காளை பிறந்து, அதன் மகள் பிறந்து, அவள் கறவைக்கு வர ஐந்தாறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை காளைக்குத் தீனி போட வேண்டும்.

எல்லாச் செல்லிலும் எல்லாக் குறிப்பும் உண்டு என்ற கண்டுபிடிப்பு இங்கே கைகொடுத்தது. கன்றின் காதிலிருந்து ஒரு சிறு துண்டோ, சில மயிர்க்கால்களோ எடுத்தால் போதும், மூடிக் கிடக்கும் பால் மரபணுக்களை அங்கேயே படித்துவிடலாம். அமெரிக்காவில் 2009 முதல் காளைகளுக்கு இப்படி மதிப்புப் போட ஆரம்பித்தார்கள். நம் நாட்டு மாடுகளுக்கும் எருமைகளுக்கும் பொருத்தமான மரபணுச் சோதனைச் சில்லுகள், 'கௌ சிப்', 'மகிஷ் சிப்' என்ற பெயரில் 2024-இல் வெளியிடப்பட்டன. மடை திறக்காமலே மடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீனி, தண்ணீர், நிழல் சரியில்லாவிட்டால் எந்தச் சில்லும் பாலைக் கொண்டுவராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவையும் அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் சொல்ல நேரமில்லை. பின்னொரு நாள் டீக்கடையில் பார்த்தபோது சுருக்கமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அப்படின்னா இந்தக் காளைக்குள்ள பால் இருக்குது, கறக்கத்தான் மடி இல்லைன்னு சொல்றீங்க" என்றார். "ஏறக்குறைய அப்படித்தான்" என்றேன். "சரிங்க, அடுத்த தடவை ஊசி போடறவர்கிட்ட காளையோட நம்பரைக் கேட்டு எழுதி வச்சுக்கறேன். கன்னு கறவைக்கு வந்ததும் எவ்வளவு கறக்குதுன்னு பக்கத்துலயே எழுதிடலாம்" என்று சொல்லிவிட்டு, மாட்டைத் தண்ணீருக்கு அவிழ்க்க வேண்டும் என்று எழுந்து போனார்.